எறவாணம் இல்லாத ஊரில் மண்வெட்டி

டில்லியில் தரைத்தளத்து வீடு வாய்க்கப்பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பானாலும் ஜனக்புரியில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடானாலும், பின்கதவைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற அந்த நாலு முழ மண், பல வருஷங்களாகக் கோப்புகளோடு மாரடித்து மறந்துபோயிருந்த குடியானவ உணர்ச்சியைத் தட்டி எழுப்பிவிட, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஈரத்துணி சுற்றிய முருங்கைப் போத்தும் பிரயாணம் செய்யும். கன்று வந்தால் களைக்கொத்து வேண்டும். களைக்கொத்து வந்தபின் மண்வெட்டி, முள்வாரி, வேலி வெட்டும் கத்தரி, பூவாளி, கடப்பாரை, பச்சை நிறக் குழாய் என்று ஒரு சிறு ஆயுதசாலையே சேர்ந்துவிடும். இவற்றை வாங்குவதில் காட்டிய சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, இவற்றை எங்கே வைப்பது என்பதில் காட்டுகிற கிருஹஸ்தரை நான் அதிகம் கண்டதில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு மூலையே எல்லாவற்றுக்கும் கதி. அங்கே, குளிர்காலம் முழுவதும் உறை போட்டு நிற்கும் கூலருக்கும் பழைய பேப்பர்க்காரருக்காகக் கட்டி வைத்த பத்திரிகைக் கட்டுகளுக்கும் நடுவே காம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, ஒன்றை இழுத்தால் நான்கு சரியும். பல் மேல்நோக்கிக் கிடக்கும் முள்வாரியைத் தெரியாமல் மிதித்தவருக்கு அதன் காம்பு நெற்றியில் கொடுக்கும் அறை, தலைநகர வாழ்க்கையின் இதர அறைகளைவிட எந்த விதத்திலும் குறைந்ததன்று.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூரைவீட்டில் அரிவாளை எங்கே வைப்பது என்று எவரும் தனியாக யோசித்ததில்லை, எறவாணம் இருந்தது. வயலிலிருந்து திரும்புகிறவர் வாசலில் கால் அலம்புவதற்கு முன்பே, நடையை நிறுத்தாமல், கையை உயர்த்தி அரிவாளைக் கூரையின் விளிம்பில் செருகிவிட்டுத்தான் திண்ணையில் உட்காருவார். குழந்தைகளுக்கு எட்டாத உயரம், மழை படாத மறைவு, காற்றோட்டம், நிழல், வீட்டிலுள்ள யாவருக்கும் தெரிந்த ஸ்தானம் என்று ஒரு கருவிக்கு வேண்டிய சகல சௌகரியங்களும் செலவில்லாமல் அங்கே அமைந்திருந்தன. மண்வெட்டிக்கு மாட்டுக்கொட்டில் சுவரில் ஒரு முளை. கயிற்றுக்கு ஒரு கவை. நுகத்தடிக்கும் ஏருக்கும் விட்டத்தின் மேல் ஓர் இடம். வீட்டின் அமைப்பே கருவிகளுக்கு இருப்பிடம் கொடுத்தமையால் மனிதனுடைய ஒழுங்குக்கு அங்கே பெரிய பரீட்சை எதுவும் நேரவில்லை. டில்லி வீடோ மொட்டைமாடி வீடு. இந்நகரத்தை வகுத்த லட்யன்ஸ் இந்நாட்டுப் பழைய கட்டடங்களைப் பார்த்து ராஷ்டிரபதி பவனத்துக்கு சஜ்ஜா என்னும் கல் இறவாரங்களை நீளமாக வைத்தார். அந்தப் பரம்பரையில் வந்த கான்கிரீட் சஜ்ஜா இன்று நம் ஜன்னல்களுக்கு மேலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் கான்கிரீட்டில் அரிவாளைச் செருகும் வித்தையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே சுவரில் சட்டம் அடித்துத் தோட்டச் சாமான்களை மாட்டிவைப்பதை மேனாட்டு மோஸ்தர் என்று சிரிக்கிற என் நண்பர்களோடு எனக்கு வழக்கு உண்டு. கூரையோடு போன எறவாணத்தைச் சுவரில் மீட்டுக்கொள்ளும் பிரயத்தனம் என்றே நான் இதை எண்ணுகிறேன்.

டில்லித் தோட்டத்தின் காலக்கிரமத்தை அறியாதவர்களுக்கு இதன் அவசியம் சட்டென்று புலப்படாது. ஜனாதிபதி மாளிகைத் தோட்டத்தின் அமைப்பை லட்யன்ஸ் 1917-லேயே வகுத்துவிட்டார் என்றாலும், தோட்டக்கலை அதிகாரியான வில்லியம் மஸ்டோவின் ஒத்துழைப்போடு அங்கே செடிகள் நடப்பட்டது 1928-29-ல்தான். 2023 ஜனவரியில் அம்ருத் உத்யான் என்று பெயர் மாறிய அந்த மாளிகைத் தோட்டத்தைப் பிப்ரவரியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் வீட்டுப் பாத்தியிலும் பெட்டூனியாவும் டாலியாவும் பூக்கவேண்டும் என்ற ஆசை தொற்றிக்கொள்வது இவ்வூர் வழக்கம். இந்தப் பூக்களுக்கெல்லாம் அக்டோபரில் மண்ணைக் கொத்தவேண்டும். மார்ச்சு முடிவதற்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். அதாவது, ஆறு மாதம் வேலை செய்த கருவிகள் அதற்குப் பிறகு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் தீயிலும், அதைத் தொடர்ந்து வரும் மழைக்காலப் புழுக்கத்திலும், கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கருவிகள் கெடுவது உழைப்பினால் என்பதைவிட இந்த ஓய்வினால்தான் என்று சொல்லவேண்டும்.

வைகாசி மாதத்து லூ என்னும் அனல்காற்று ராஜஸ்தானத்துப் பக்கமிருந்து வீசத் தொடங்கி, வெயில் நாற்பத்தைந்து பாகையைத் தொடுகிற நாட்களில், மண்வெட்டியின் காம்பிலிருக்கும் ஈரம் முழுவதும் வற்றி மரம் சுருங்கிவிடுகிறது. இரும்புக் காதுக்குள் இறுகிப் பிடித்திருந்த காம்பு கலகலத்துப்போய், அடித்த ஆப்பும் நழுவத் தயாராகிவிடுகிறது. காம்பைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி உப்பவைத்து மறுபடியும் இறுக்கிக்கொள்வது மாலிகள் என்னும் இங்குள்ள தோட்டக்காரர்கள் யாவரும் அறிந்த வைத்தியம்தான். ஆனால் அது தாற்காலிகமானது, உலர்ந்தவுடன் மறுபடியும் ஆடும். ஜூலை பிறந்தாலோ கதை தலைகீழாகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் இரும்பைத் துரு வேகமாகப் பிடிக்கும் என்பார்கள். மழைக்கால டில்லியில் அது சாதாரண நாளின் நிலை. அலகில் ஒட்டிக் காய்ந்த மண் அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள, மண்ணில் கலந்திருக்கும் உர உப்பு அதற்குத் துணைசெய்ய, தரையில் கிடக்கும் மண்வெட்டி தீபாவளிக்குள் செம்பட்டையாகிவிடும். துருவைப் போக்க நம் தகப்பனார் காலத்தில் மண்ணெண்ணெய் இருந்தது. டில்லியோ 2014-ல் மண்ணெண்ணெய் இல்லாத நகரமென்று அறிவிக்கப்பட்டுவிட்டது. தேங்காயெண்ணெய் தை மாதக் குளிரில் கல்லாக உறைந்துபோவதால், இரும்புக்கு நான் சிபாரிசு செய்வது அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சகல நோய்களுக்கும் சிபாரிசு செய்யும் கடுகெண்ணெயைத்தான். காம்புக்கு மட்டும் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் சிலாக்கியம். அது மரத்துக்குள் ஊறிக் காய்ந்து உள்ளீரத்தை ஓரளவு கட்டிவைக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. காயும்போது அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. டில்லி மே மாதத்தில் அதற்கு வேறு உதவியே தேவையில்லை. விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறியவேண்டும்.

சுவரைப் பற்றி விஸ்தாரமாகவே பேசவேண்டியிருக்கிறது; அதைப் பற்றி ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. வடக்கு நோக்கிய சுவராக இருப்பது விசேஷம். தெற்குச் சுவரில் விழும் வெயில் குழாயைக் கடினமாக்கி வெடிக்கவைக்கும், காம்பையும் பிளக்கும். குளியலறையின் மறுபுறமாக உள்ள சுவர் எவ்வளவு அகலமாக அழைத்தாலும் போகக் கூடாது. ஸீலன் என்று இவ்வூரார் சலித்துக்கொள்ளும் ஈரக்கசிவு அங்கேதான் குடியிருக்கும். வெளிச்சுவர்கள் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். அவை எதையும் தாங்கும். அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரை இந்தக் காரியத்துக்குத் தொடாமலிருப்பதே நலம். பழைய டில்லியின் ஹவேலிகளில் லக்கோரி என்னும் மெல்லிய செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக இருந்தால், துளை போடும்போதே மாவாக உதிரும். இக்காலத்து அடுக்குமாடிகளில் வைக்கிற இலேசான நுரைக்கல்லுக்கோ தனி வகைப் பிடிப்பு வேண்டும். சாதாரணச் செங்கலுக்கான பிளக்கை அதில் அடித்தால் பாரம் ஏறியவுடன் பிளக்கும் கருவியுமாகக் கீழே வந்து சேரும். செங்கல் சுவராயின் இரண்டு கற்களுக்கு நடுவேயுள்ள காரையில் துளை விழாமல் கல்லின் உடம்பிலேயே விழும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். துளை போடுகையில் சிவப்புத் தூள் உதிர்ந்தால் கல். சாம்பல் நிறத் தூளே தொடர்ந்து வந்தால் காரை. அப்போது இரண்டு அங்குலம் தள்ளிப்போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மிஸ்திரிகள் கிட்டி என்று சொல்லிக் கையை நீட்டும் அந்தச் சிறு பிளாஸ்டிக் செருகுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுவரில் சதுரமாக ஒரு குழி வெட்டி, மரக்கட்டையை அறைந்து, சுற்றிலும் பூசி, அது காய்ந்தபின் அந்தக் கட்டையில்தான் ஆணி அடிப்பார்கள். ஒரு படம் மாட்ட ஒரு நாள் போய்விடும். 1910-களின் தொடக்கத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், சுவரைப் பாழாக்காமல் மின்சாரச் சாதனங்களைப் பொருத்தவேண்டிய நிர்ப்பந்தத்தில் ஜான் ஜோஸஃப் ராலிங்ஸ் என்பவர் நாரினால் ஆன செருகு ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் சொல்லும் ராவல் பிளக்கில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருகாணி நுழைய நுழைய அகன்று சுவரைக் கவ்விக்கொள்ளும் நைலான் செருகை ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் 1958-ல் செய்தார். சாவ்ரி பஜாரின் ஹார்டுவேர்க் கடைகளில் இந்த அற்ப வஸ்துவில்கூடத் தராதரம் பார்க்கவேண்டும். எட்டு மில்லிமீட்டர் பிளக்கும் இரண்டரை அங்குலத் திருகாணியும் கேட்டபோது, கடைக்கார லாலாஜி இரண்டு வகையை மேஜைமேல் உருட்டி, ஒன்றை நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் பதிந்தது. “இது காலண்டருக்கு” என்றார். மற்றதை அழுத்தவில்லை, பொட்டலமே கட்டிவிட்டார்.

கடைகளிலும் இணையத்திலும் விற்கிற ஆயத்த மாட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஸ்பிரிங் கவ்வியில் காம்பை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் என்பது அவற்றின் தத்துவம். ஒரே பருமனுள்ள குழாய்க் காம்புகளுக்கு அது சரி. நம் மண்வெட்டிக்கும் கைந்தி என்கிற குந்தாலிக்கும் உள்ள காம்பு கீக்கர் மரத்தில், அதாவது நம் ஊர்க் கருவேலத்தில், கையால் செதுக்கியது. ஒரு முனையில் பெருத்தும் மறு முனையில் சிறுத்தும் நடுவில் கணுவோடும் இருக்கும். கவ்வி ஒன்றைப் பிடிக்கும், இன்னொன்றை விட்டுவிடும். ஆதலால் பழைய முறைப்படி பலகையும் முளைகளுமே போதும் என்பது என் தீர்மானம். கீர்த்திநகர் மரக்கடைகளில் தேவதாருப் பலகை கிடைக்கும். அதன் பிசினுக்குக் கரையான் சற்று அஞ்சும். டில்லி மண்ணில் கரையானுக்குப் பஞ்சமில்லை. ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், ஐந்தடி நீளம். அதில் கடைசல்காரரிடம் கடைந்து வாங்கிய ஓர் அங்குல முளைகள், ஐந்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, மாட்டியது வழுக்கி விழாதபடி நுனி சற்றே மேல்நோக்கியிருக்குமாறு சாய்த்துத் துளையிட்டு ஒட்டப்பட்டிருக்கவேண்டும். பலகையைச் சுவரோடு ஒட்ட அடிக்காமல், பின்னால் ஓர் அங்குலக் கட்டைகளைக் கொடுத்து விலக்கி அடித்தால் இடையே காற்று ஓடும். சுவரின் ஈரம் மரத்துக்கு ஏறாது. எறவாணத்தில் இயல்பாக இருந்த காற்றோட்டத்தை இந்த ஓர் அங்குலத்தில்தான் நாம் சம்பாதிக்கவேண்டியிருக்கிறது.

பாரம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவுக்கு மேல்வரிசைத் திருகாணிகளைப் பிடுங்கும் விசை பெருகும். ஐந்து அங்குலத்தில் தொங்கும் மண்வெட்டியைப் பத்து அங்குலத்துக்குத் தள்ளினால் அந்த விசை இரட்டிக்கும். பலகையின் அகலம் கூடினால் அது குறையும். முளைகள் நீளமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று சாமான்களை மாட்டலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து கிலோ கடப்பாரையைச் சுவரில் ஏற்றுவதில் எவ்வித லாபமும் இல்லை. அது தரையில் ஒரு மரத்துண்டின் மேல் நின்று, நடுவில் ஒரு வளையத்தில் சாய்ந்துகொண்டால் போதும்.

ஃபாவ்டா என்று இவ்வூரார் சொல்லும் மண்வெட்டியை மாட்டும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. காம்பின் நுனியில் துளையிட்டுக் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது பலருடைய வழக்கம். லூ காற்றில் காம்பு சுருங்கிய மண்வெட்டியை இப்படி மாட்டினால், ஆப்பு மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் இரண்டு கிலோ இரும்பு யாருடைய கால்விரல் மேல் இறங்கும் என்பது தெய்வச் செயல். இரண்டு முளைகளுக்கு நடுவே காம்பு கீழ்நோக்கித் தொங்க, இரும்புக் காது முளைகளின்மேல் உட்காரும்படி வைத்தால், முளை தாங்குவது இரும்பையேயாகும்; காம்பு கழன்றாலும் விழுவது மரம்தான். அலகு ஆள் பக்கம் நீட்டிக்கொண்டிராமல் சுவரோரமாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்கவேண்டும். அரிவாளின் வாய்க்கு, நீளவாக்கில் கீறிய பழைய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக மாட்டிவிடலாம். குழாயை ஆணியில் தொங்கவிட்டால் மடிந்த இடத்தில் வெடிக்கும். பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்றைச் சுவரில் அறைந்து அதன்மேல் சுற்றிவைப்பதைவிடச் சிறந்த யுக்தி எனக்குத் தெரியவில்லை.

பலகையை எந்த உயரத்தில் அடிப்பது என்று எங்கள் வீட்டுக்கு வரும் மாலியைக் கேட்டேன். கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர், சைக்கிளில் கத்தரியையும் குர்பி என்னும் சிறு கைக்கொத்தையும் கட்டிக்கொண்டு நாளொன்றுக்குப் பல வீடுகள் சுற்றுகிறவர். சுவரைப் பார்த்தார், நான் சுண்ணாம்புக்கட்டியால் இழுத்திருந்த கோட்டைப் பார்த்தார். “பாபுஜி, ஃபாவ்டாவுக்கு இது சரி. குர்பியையும் இங்கேதான் மாட்டுவீர்களா?” என்றார்.

“ஏன், கூடாதா மாலிஜி?”

“அது உட்கார்ந்து வேலை செய்கிற சாமான் பாபுஜி. அதை எடுக்க நான் எழுந்து நிற்கவேண்டும். வைக்க இன்னொரு தரம் எழுந்து நிற்கவேண்டும். எழுந்திருப்பேனா? மண்ணிலேயே குத்திவிட்டுப் போய்விடுவேன்.”

மேனாட்டுத் தோட்டக்காரர் நின்றுகொண்டே வேலை செய்பவர். அவருடைய கருவிகளுக்கு நீளக் காம்பு. மாட்டியும் கண்மட்டத்தில் இருக்கிறது. குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து களையெடுக்கும் நம் மாலிக்கு அதே படத்தைக் காட்டி ஒழுங்கைக் கற்பிப்பது வீண். நீளக் காம்புகளுக்காக ஆறடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு வரிசையும், குர்பி, களைக்கொத்து, சிறு கத்தரி ஆகியவற்றுக்காக முழங்கால் மட்டத்தில் இன்னொரு சிறு பலகையும் என்று ஆயிற்று. முழங்கால் மட்டத்துப் பலகை குழந்தைகளுக்கும் எட்டுமாதலால் அரிவாளும் பெரிய கத்தரியும் மேலே போய்விட்டன. குரங்குகளுக்கு மேலும் எட்டும், கீழும் எட்டும். அவற்றைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்துக்குக் கொண்டுபோகும்படி உயர்நீதிமன்றம் 2007-ல் உத்தரவிட்டும் எங்கள் பேட்டைக் குரங்குகள் அதை இன்னும் படித்ததாகத் தெரியவில்லை. இலேசான சாமான்களின் குறுக்கே சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டை இழுத்து மாட்டியிருக்கிறோம்.

ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுவரில் வரைந்துவிடுவது எல்லாவற்றிலும் முக்கியமான காரியம். சமையற்கலை நூல்களாலும் தொலைக்காட்சியாலும் அமெரிக்காவில் கீர்த்தி பெற்ற ஜூலியா சைல்டின் சமையலறைச் சுவரில், துளைப்பலகை அடித்து, வாணலி வாணலியாக அவற்றின் புறக்கோட்டைத் தீட்டிவைத்தவர் அவருடைய கணவர் பால் சைல்ட். அந்தத் தம்பதிகள் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது இரண்டாவது உலக யுத்தத்தின்போது சிலோனில், கண்டியில், அமெரிக்க உளவுத்துறை அலுவலகமொன்றில் என்பது ரஸமான செய்தி. 2001-ல் அந்த அம்மாள் தம் சமையலறையை ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட, இன்று அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடு தீட்டுவதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள், வீட்டுக்கு வந்துபோகும் பல பேரின் கைகளை எண்ணிப் பார்க்கவேண்டும். மாலிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என் மாமியாருக்கு ஹிந்தி எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டும் தெரியாது. பெயர் எழுதி ஒட்டுவதைவிட உருவம் எழுதுவது எல்லாருக்கும் விளங்கும். சுவரில் மண்வெட்டியின் உருவம் மட்டும் இருந்து மண்வெட்டி இல்லையென்றால், அது பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் யாரையும் விசாரிக்கவேண்டியதில்லை, போய் வாங்கி வந்துவிடலாம். வீட்டு எஜமானின் ஞாபகசக்தியை மட்டும் நம்பி நிற்கும் ஒழுங்கு, அவர் ஊருக்குப் போன மறுநாளே குலைந்துவிடும்.

வாடகை வீட்டுக்காரர்களின் சங்கடம் எனக்குத் தெரியும். மகான் மாலிக் என்று பயபக்தியுடன் அழைக்கப்படும் வீட்டுக்காரர், ஆணி அடிக்கும் ஓசை கேட்டால் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். அவர்கள் இதே பலகைகளை இரண்டு நிமிர்ந்த சட்டங்களில் அடித்து, அடியில் ஒரு கனமான மரத்தைக் குறுக்கே கொடுத்து, சுவரில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். கடப்பாரையை அந்த அடிமரத்தின் மேலேயே கிடத்திவிட்டால் அதன் பாரம் சட்டத்தைச் சரியவிடாது. வீடு மாறும்போது சட்டமும் கூடவே லாரியில் ஏறும்.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. கருவிகளை இறக்கிப் புத்தகங்களோடு மணையில் வைத்துத்தான் பூஜை செய்யவேண்டும் என்பது மாமியார் கட்சி. சுவரில் இருந்தபடியே பொட்டு வைத்தால் என்ன என்பது என் மனைவியின் கட்சி. செப்டம்பர் 17-ல் விசுவகர்மா பூஜையைத் தம் பேட்டையில் முடித்துவிட்டிருந்த மாலி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டு தரப்பாருக்கும் நான் சொன்னது ஒன்றே. சந்தனம் ஈரமானது, மறுநாள் புனர்பூஜை முடிந்தவுடன் அலகைத் துடைத்துக் கடுகெண்ணெய் தடவாவிட்டால், துரு முதலில் பிடிப்பது பொட்டு வைத்த இடத்தில்தான்.